அஞ்சலைக்குக் கொடுத்த வெறும் மாத்திரை

கேமராவை நிறுத்தி வைக்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மே மாதத்தில் நெய்வேலிக்குப் போகச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். நான் மறுக்கவில்லை. எனக்குக் கழுத்துவலி வேறு. ஓர் இடத்தில் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார முடியாது. பேருந்தில் எழுந்து நிற்பேன், நின்றால் கம்பியைப் பிடித்த கை கழுத்தை இழுக்கும், மறுபடி உட்காருவேன். பக்கத்து இருக்கைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எறங்கறதுன்னா எறங்கிடும்மா, எதுக்கு இந்தப் பாடு" என்றார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கூடவே, தீராத முதுகுவலி பற்றி அங்கே நடக்கும் ஓர் ஆய்விலும் வேலை. ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நரம்புவலிக்கான மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்த எங்களுக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை நான் போன் செய்து, "இன்னிக்கு வலி பத்துக்கு எவ்வளவுங்க?" என்று கேட்பேன். ஆய்வு முடிந்ததும் யாருக்கு எது போனது என்று நேரில் வந்து சொல்வதாகச் சேரும்போதே வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தப் பயணம்.

வெறும் மாத்திரை என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். நான் கழுத்துக்கு மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்து, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாதி வலி போய்விடும். மாத்திரை அப்போதுதான் தொண்டையைத் தாண்டியிருக்கும். நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது, இனிச் சரியாகிவிடும் என்று நினைக்கும்போது உடம்பே வலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. 'இதில் மருந்து இல்லை' என்று சொல்லிக் கொடுத்தும்கூடச் சிலருக்குக் கேட்டிருக்கிறது. இதெல்லாம் ஆராய்ச்சியில் பார்த்ததுதான். மாய மந்திரம் எதுவும் இல்லை.

ஆனால் நெய்வேலியில் நடந்தது எங்களுக்கே புதிதாக இருந்தது. அங்கே மருந்து சாப்பிட்டவர்களைவிட வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். அதிலும் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் அஞ்சலை என்ற பெண்மணியின் வலி வாரா வாரம் படிப்படியாக இறங்கி, கடைசியில் இரண்டில் வந்து நின்றது. எங்கள் தலைமை மருத்துவர் அந்த வரைபடத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அந்தம்மாவைப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டு வா. மாநாட்டில் காட்ட வேண்டும்" என்றார். முக்காலி அதற்காகத்தான்.

எனக்கு இதில் சந்தோஷமே இல்லை. அஞ்சலையின் வேலை, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியைக் குனிந்து அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், வீடு அவர் ஒருவர் வேலையில்தான் நடக்கிறது. சுரங்கத்துக்குள் போவதற்கான கேட் பாஸை அவர் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்; அதற்கான உடல் பரிசோதனை அடுத்த வாரம். நம்பிக்கையில் போன வலி, 'உங்களுக்குக் கொடுத்தது டம்மி' என்று நான் போய்ச் சொன்னதும் திரும்பி வந்துவிட்டால்? பரிசோதனையில் குனியச் சொல்லும்போது குனிய முடியாமல் போனால்? வழியெல்லாம் இதே நினைப்பு.

முன் இருக்கையில் ஒரு வடநாட்டு இளைஞர் போனில் ஹிந்தியில் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஹிந்தி கொஞ்சம் புரியும்; மனைவியிடம் போல. "சாப்பிட்டாச்சு. வேலை எல்லாம் லேசுதான். முதுகா? அதெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது, நீ கவலைப்படாதே." இதைச் சொல்லிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். போனை வைத்தபின் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

நெய்வேலி டவுன்ஷிப் கோயம்புத்தூர்க்காரர்களைக் குழப்புகிற ஊர். எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் உண்டு, வழி கேட்டால் பேக்கரியை அடையாளம் சொல்வார்கள். இங்கே எல்லாம் எண்; எல்லாச் சாலையும் ஒரே அகலம், எல்லா வீடும் ஒரே முகம், இருபுறமும் மரம். பிளாக் எண்ணைச் சொன்னால் போதும், மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். நான் வந்த அன்று சாயங்காலம் அறையில் இருப்புக் கொள்ளாமல் நடக்கப் போய், ஒரே ரவுண்டானாவை இரண்டாவது தடவையாகச் சுற்றினேன். மெயின் பஜாரில் சுடச்சுடப் பருப்பு வடை கிடைத்தது. கடைக்காரர் நான் நின்றுகொண்டே தின்பதைப் பார்த்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டவர்போல வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை முதல் கூத்து. ராமலிங்கம் என்பவரை அவருடைய குவார்ட்டர்ஸில் பார்க்க வேண்டும். நிறுத்தத்தில் வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும்தான் உள்ளே எல்லாரும் ஹெல்மெட்டும் டிபன் கேரியருமாக இருப்பதைக் கவனித்தேன். அது ஷிப்ட் பஸ். நேராகச் சுரங்க வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். காவலர் என் முக்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், பாஸ் இருக்கா?" இல்லை. "விசிட்டரா?" அதுவும் இல்லை. "அப்ப என்னதான் மேடம் நீங்க?" திரும்பி வரும் ஷிப்ட் பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார்.

ராமலிங்கத்துக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். சுரங்கத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறார், பெர்மனென்ட். அவர் மனைவி நான் போனதும் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். பண்ருட்டிப் பலா. எங்கள் ஊரில் காகிதத் தட்டில் எண்ணிக் கொடுப்பதைத் தின்று வளர்ந்த எனக்கு அது கல்யாண விருந்துதான்.

"எனக்கு ஒரிஜினல்தான மேடம்?" என்று ராமலிங்கமே ஆரம்பித்தார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் பெர்மனென்ட் இல்லையா."

மாத்திரை அப்படிப் பிரிக்கப்படவில்லை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத்தான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, அவருக்குப் போனது உண்மையான மருந்துதான் என்று சொன்னதும் மனைவி பக்கம் திரும்பி, "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார்.

"ஆனா உங்களுக்கு வலி குறையவே இல்லைன்னு சொன்னீங்களே. கடைசி வாரம்கூட எட்டு."

"எட்டுதான் மேடம். எந்திரிச்சா ஒக்கார முடியல, ஒக்காந்தா எந்திரிக்க முடியல. நீங்க அதைக் கொஞ்சம் எழுத்துல குடுத்தீங்கன்னா லைட் டியூட்டி கேக்கலாம்."

"நேத்து யாரு மரத்துல ஏறிப் பலாவ இறக்குனது?" என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

"ஏறும்போது தெரியல. எறங்கறப்பதான் வலி" என்றார் ராமலிங்கம் கொஞ்சமும் அசராமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே உறுத்தலும் வந்தது. அவருக்கு வலி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, எத்தனையோ வருடம் அதிரும் இருக்கையில் உட்கார்ந்த முதுகு அது. ஆனால் அவர் சொன்ன எட்டில் எவ்வளவு முதுகு, எவ்வளவு லைட் டியூட்டி? போனில் கேட்கும்போது நான் இதை யோசித்ததே இல்லை. எண்ணைச் சொன்னார்கள், பதிந்துகொண்டேன்.

சாயங்காலம் தலைமை மருத்துவர் கூப்பிட்டார். "அஞ்சலையைப் பார்த்தாயா? வெளிச்சம் நன்றாக இருக்கும்படி உட்கார வை. மாத்திரை எப்படித் தன் வாழ்க்கையை மாற்றியது என்று அவர் வாயால் வர வேண்டும்." நான், பரிசோதனை முடிந்தபிறகு சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "வாக்குக் கொடுத்திருக்கிறோமே" என்றார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எரிச்சலாக வந்தது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி ரவுண்டானாவுக்கு நடக்கப் போனேன்.

மூன்றாம் நாள் அஞ்சலையின் ஊரான முத்தாண்டிக்குப்பம். அஞ்சலைக்கு அன்று வார விடுமுறை. டவுன்ஷிப்பைத் தாண்டியதும் மண் சிவப்பாகிவிடுகிறது. முந்திரித் தோப்பும் பலாவுமாக வருகிறது. பேருந்து வழியில் பஞ்சராகி நின்றது. நடத்துநர் இறங்கி டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "வேற வண்டி வரும், ஏறிக்குங்க" என்று சொல்லி நிழல் தேடிப் போய்விட்டார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நான்கு பேர் அவருக்கு மரியாதையாகவே பாடம் எடுத்திருப்பார்கள். மீதித் தூரத்தை நான் நடந்தேன். கழுத்து விண்ணென்று தெறித்தது. நிற்பதைவிட நடப்பது மேல்.

டீக்கடை அருகே அஞ்சலையின் வீட்டுக்கு வழி கேட்க நின்றேன். பெஞ்சிலிருந்த ஒருவர் எழுந்து வந்து என் வழியை மறித்தாற்போல நின்றார். பார்வை முழுக்க முக்காலி மேல்.

"எந்தாண்ட அளக்கப் போறீங்க?"

"எதை?"

"நெலத்த. சர்வேக்குத்தான வந்துகினு இருக்கீங்க?"

சுரங்கத்துக்கு நிலம் எடுத்துக்கொண்டே இருக்கும் ஊரில் முக்காலியோடு வருகிறவர் வேறு எதற்கு வருவார் என்பது அவர் கணக்கு. நான் உறையைப் பிரித்து, அது கேமரா வைப்பதற்கு என்று காட்டினேன். முதுகுவலி விஷயமாக அஞ்சலையைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார், வழியும் சொன்னார், வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து நான் எதையும் அளக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் திரும்பினார்.

அஞ்சலைக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். எனக்காகத் தலை வாரி நல்ல புடவை கட்டியிருந்தார். "வாங்க மேடம், கொரல்தான் கேட்டுகினு இருந்தோம், இன்னிக்குத்தான் மூஞ்சியப் பாக்கறோம்" என்று சிரித்தார். ஆட்களைச் சேர்த்த நாளில் வந்திருந்தது வேறு குழு; போனில் பேசியது மட்டும்தான் நான். பிள்ளைகள் இருவரும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே விசிறி சூட்டையே சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பும் சோறும் வைத்தார். உறைப்பில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் இரண்டு நாளில் நான் முழுசாகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

சாப்பிடும்போதே என் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தொழில் புத்தி. கீழே இருந்த சொம்பை எடுக்க அஞ்சலை குனியவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி இறங்கினார். இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கச் சுவர் தேவைப்பட்டது. இரண்டு என்று சொன்ன முதுகு இப்படியா எழும்?

முக்காலியை விரித்துக் கேமராவை வைத்தேன். பிறகு அணைத்துவிட்டேன். "பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "உங்களுக்குக் குடுத்த மாத்திரையில மருந்து இல்லைங்க. வெறும் மாத்திரை. ஆனா அதுக்காக உங்க வலி குறைஞ்சது பொய்யின்னு ஆயிடாது..."

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆறுதல் இன்னும் நிறைய இருந்தது. அஞ்சலை அதைக் கேட்கவே இல்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்கு இன்னும் மருந்தே குடுக்கலிங்களா?"

"இல்லைங்க."

"அதாங்க ஒண்ணுமே கேக்கல" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் வந்தது கோபம். எத்தனை வாரம் போன் செய்திருப்பேன், எவ்வளவு பொறுமையாகக் கேட்டிருப்பேன்.

"வலி குறையவே இல்லையா?"

முந்தானையை எடுக்காமலே, இல்லை என்று தலையாட்டினார்.

"என்கிட்ட ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க மெடிக்கல் ஆளுங்கதான?" என்றார் மெதுவாக. "பாஸுக்கு மெடிக்கல் நடக்கும்ல, அங்க வெள்ளக் கோட்டு போட்டுகினு கேப்பாங்க, வலி கிலி இருக்கான்னு. இல்லன்னு சொன்னாத்தாங்க உள்ள போவ முடியும். நீங்களும் அதே எடத்துலதான பந்தல் போட்டுகினு உக்காந்திருந்தீங்க, அதே கோட்டுதான?"

"நாங்க வேறங்க. காண்ட்ராக்டருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சேரும்போதே சொன்னாங்களே."

"சொன்னாங்க. எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவாங்க."

முதல் நாள் மட்டும் உண்மையைச் சொன்னாராம், வலி இருக்கிறது என்றால்தான் மாத்திரை தருவார்கள் என்பதற்காக. வீட்டுக்கு வந்து யோசித்ததும் பகீர் என்றாகிவிட்டது. அதன்பிறகு அவருடைய வேலைக் கேங்கிலிருந்து ஆய்வில் சேர்ந்திருந்த பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். குலுக்கலில் அவர்களில் பெரும்பாலோருக்கு விழுந்தது வெறும் மாத்திரைதான்.

"ஒரேயடியா கொறச்சா சந்தேகம் வரும்னு வாரா வாரம் ஒண்ணு ஒண்ணா கொறச்சிகினே வந்தோம். சைபர்னு சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் ரெண்டுல நிறுத்திகினோம்."

தலைமை மருத்துவர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் அழகான வரைபடம் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபம் நிற்கவும் இல்லை. இந்த மனுஷிக்கு நான் வாரா வாரம் ஓர் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ என் போன் வாரம் ஒரு பரீட்சை. வெட்கமாக இருந்தது.

"மாத்திரையத் தெனமும் போட்டேங்க" என்றார் அஞ்சலை, நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து. "ஒரு நாள்கூட வுடல. ஒண்ணும் கேக்கலன்னதும் பயந்துட்டேன். கோயம்புத்தூர்லேர்ந்து குடுத்து வுட்ட நல்ல மருந்தே கேக்காத ஒடம்பாப் போயிடுச்சே, இனிமே எதுக்கும் கேக்காதுன்னு நெனச்சிகினேன். பொண்ணுங்ககிட்டகூடச் சொல்லல. சில பேருக்கு வெறும் மாத்திரன்னு சொன்னீங்கதான். ஆனா வெறும் மாத்திரைக்கு யாராவது அவ்ளோ தூரத்துலேர்ந்து வாராவாரம் போன் போட்டுக் கேப்பாங்களா, சொல்லுங்க?"

அவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் பயந்து வந்த செய்தி அவருக்கு நல்ல செய்தியாகப் போய்விட்டது. இன்னும் மருந்தே கொடுக்கவில்லை என்றால், இனிக் கொடுத்தால் கேட்கலாம் அல்லவா.

அவரைத் தரையில் பாய்மேல் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகைப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே விரல் வைத்ததுமே உடம்பு முழுக்க விறைத்தது. இரண்டாவது முறை லேசாகத்தான் தொட்டேன், பாயைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. வலியைக் காட்டாமலிருக்க அந்த உடம்பு அவ்வளவு பழகியிருந்தது.

தலைமை மருத்துவர் சரியாக அப்போது கூப்பிட்டார். வாசலுக்கு வந்து பேசினேன். "பதிவு ஆனதா?"

"இல்லை சார். நெய்வேலியிலிருந்து வந்த எண்களை எதற்கும் பயன்படுத்த முடியாது. வெறும் மாத்திரை யாரையும் குணப்படுத்தவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான் வலியைக் குறைத்துச் சொல்ல வைத்திருக்கிறது."

"யார் சொன்னது?"

"பெயர் சொல்ல மாட்டேன் சார்."

அதற்கு மேல் அவர் துருவவில்லை. நல்ல மனிதர் அவர். வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

உள்ளே வந்து முக்காலியை மடக்கினேன். அஞ்சலைக்குக் குனியாமல் அள்ளும் முறையையும், படுத்துக்கொண்டு செய்யும் இரண்டு பயிற்சிகளையும் காட்டிக் கொடுத்தேன். அவரை இப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு முடிந்தும் வலி தீராதவர்களுக்குக் கடலூரில் எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் இலவசமாகச் சிகிச்சை தருகிறார். இரண்டு என்று சொன்னவர் என்பதால் அஞ்சலையை அதற்கு அனுப்பவே இல்லை. அதைச் சொன்னேன். அடுத்த விடுமுறைக்குப் போகச் சொன்னேன்.

"அங்க போனா வலி எவ்ளோன்னு கேப்பாங்களா?"

"கேப்பாங்க. இப்ப உண்மையில எவ்வளவுன்னு என்கிட்ட சொன்னா நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்."

"அது வேணாங்க" என்றார் உடனே. "பாஸு முடியட்டும்."

"பாஸ் முடிஞ்சா?"

"அடுத்த வருஷமும் வரும்ல."

நான் பையை எடுத்துக்கொண்டேன். திட்டவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவரும் கூடவே வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்காமல் முக்காலியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு. தூரத்தில் பேருந்தின் புழுதி தெரிந்தபோது என் கையைப் பிடித்தார். அதுவரை மேடம் என்றவர், அக்கா என்று கூப்பிட்டார்.

"அக்கா, கடலூர்ல பேரு கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"வேற பேரு சொல்லலாமா?"

ஆய்வில் ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சண்டை பிடிக்கிறவள் நான். "சொல்லுங்க" என்றேன். "அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அஞ்சலை என் கையை விட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்பன்னா வலி ஒம்பதுன்னு சொல்லிடறேன்க்கா" என்றார்.